பொழுதுபோக்கும் பொதுச்சொத்தும்

வீட்டில் ஒதுக்கிவைத்த பழைய கணினியொன்றில் லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையை நிறுவிப் பார்க்கும் மாணவனையோ ஆசிரியரையோ கண்டால், "நல்ல பொழுதுபோக்குத்தான்" என்று அயலவர் சொல்வர். இயந்திரத்தின் உறுப்புக்களை இயக்கி, ஏனைய நிரல்கள் யாவற்றுக்கும் களம் அமைத்துக் கொடுப்பதே பணிசெயல் முறைமை. அதை மாற்றிப் பார்ப்பது முத்திரை சேர்ப்பது போன்ற தனிமனித விருப்பம் என்றே பலரும் கருதுகின்றனர். ஆனால் இப்பொழுதுபோக்கின் பின்னே ஓர் உடைமைப் போராட்டத்தின் வரலாறு உண்டு. அதனை அறியாது லினக்ஸை நிறுவுபவன் ஒரு கருவியை மட்டுமே பெறுகிறான். அறிந்து நிறுவுபவன் ஒரு மரபின் பங்காளியாகிறான்.

2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் விண்டோஸ் 10 முறைமைக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் முடித்துக்கொண்டது. அடுத்த முறைமையோ பழைய கணினிகள் பலவற்றை ஏற்பதில்லை. நன்றாக இயங்கும் இயந்திரங்கள், எவ்வுறுப்பும் பழுதாகாமலே, ஒரு தீர்மானத்தால் முதுமையெய்தின. விலை கொடுத்து வாங்கிய கருவியின் ஆயுளைத் தீர்மானிப்பவர் யார் என்னும் வினா அன்று பலருக்கும் எழுந்திருக்கும். வினா புதியதன்று, அரை நூற்றாண்டுப் பழமையுடையது.

கணினியின் இளமைப் பருவத்தில் நிரல் தனித்ததொரு விற்பனைப் பண்டமாக இருக்கவில்லை. இயந்திரத்தோடு சேர்ந்தே நிரலும் வந்தது. பயன்படுத்துவோர் அதனைத் திருத்தினர், ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டனர். 1969இல் ஐ.பி.எம். நிறுவனம் நிரல்களுக்குத் தனிவிலை குறிக்கப்போவதாக அறிவித்தது. அதே ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் யுனிக்ஸ் முறைமையை உருவாக்கத் தொடங்கினர். அக்கூடத்தின் உரிமையாளரான ஏ.டி.அன்ட்.டி. தொலைபேசிக் கம்பனி, 1956ஆம் ஆண்டின் நீதிமன்ற உடன்பாட்டினால் வேறு வணிகங்களில் இறங்கமுடியாது கட்டுண்டிருந்தது. ஆகவே யுனிக்ஸ் மூலநிரலோடு சொற்ப கட்டணத்துக்குப் பல்கலைக்கழகங்களைச் சென்றடைந்தது. ஏகபோகத்தின் பெருந்தன்மையன்று, ஏகபோகத்தின்மீது விதிக்கப்பட்ட தளையே அறிவைப் பரப்பியது.

மூலநிரல் என்பது மனிதன் வாசித்து விளங்கக்கூடிய வடிவில் உள்ள நிரல். அது கையில் இல்லையேல் பயன்படுத்தலாம். ஆனால் எவ்வாறு இயங்குகிறது என்று கற்கவோ திருத்தவோ இயலாது. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஜோன் லயன்ஸ், யுனிக்ஸின் ஆறாம் பதிப்பின் மூலநிரலுக்கு வரிவரியாக உரையெழுதி மாணவர்க்கு அளித்தார். நமது இலக்கண நூல்களுக்கு உரையாசிரியர்கள் செய்த பணியை ஒத்தது அது. 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பின் உரிமப் பத்திரமோ மூலநிரலை வகுப்பறையில் பாடமாக்குவதைத் தடைசெய்தது. லயன்ஸின் உரை பிரதிமேல் பிரதியாக மாணவர் கைகளில் மறைவாக உலாவிற்று. சட்டபூர்வமாக அச்சேற 1996வரை காத்திருக்க நேர்ந்தது. உடைமை, பாடசாலையின் வாயிலில் வந்து நின்ற நாள் அது.

இதற்கு முன்னரே, 1976 பெப்ரவரியில், இளைஞராயிருந்த பில் கேற்ஸ் கணினிப் பொழுதுபோக்காளருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதியிருந்தார். தம் குழுவினர் ஆக்கிய பேசிக் நிரலைப் பலரும் விலைகொடாது பிரதிசெய்வதால் தமது உழைப்புக்கு மணிக்கு இரண்டு டொலர்கூடக் கிட்டவில்லை என்பது அவர் முறைப்பாடு. உழைத்தவனுக்கு ஊதியம் வேண்டும் என்பதை நாம் மறுப்பதற்கில்லை. ஆனால் ஊதியம் வேறு, உடைமை வேறு. தச்சனுக்குக் கூலி கொடுக்கவேண்டும். அதற்காக அவன் செய்த கதிரையைத் திருத்தக்கூடாது, அதன் அமைப்பை ஆராயக்கூடாது என்று எவரும் விதிப்பதில்லை. நிரலுக்கு மட்டும் அவ்விதி பொதுவழக்காயிற்று.

இவ்வழக்கத்தை நேர்நின்று எதிர்த்தவர் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் பணியாற்றிய றிச்சர்ட் ஸ்ரோல்மன். 1983 செப்டெம்பரில் அவர், யுனிக்ஸை ஒத்த, ஆனால் எவரும் சுதந்திரமாகப் பயன்படுத்தவும் ஆராயவும் திருத்தவும் பகிரவுங்கூடிய முறைமையொன்றை ஆக்கப்போவதாக அறிவித்தார். க்னூ என்பது அதன் பெயர். 1989இல் வெளிவந்த பொது மக்கள் உரிமம் அவரது பெருஞ் சாதனை. பதிப்புரிமைச் சட்டம் பகிர்தலைத் தடுப்பதற்கே பயன்பட்டு வந்தது. அதே சட்டத்தைக் கொண்டு, பகிர்வோர் அடுத்தவரின் பகிரும் உரிமையைப் பறிக்கக்கூடாது என்று அவர் நிபந்தனை விதித்தார். உடைமையின் ஆயுதமே பொதுமைக்குக் காவலாயிற்று.

ஆயினும் க்னூவுக்கு இயந்திரத்தை நேரே ஆளும் கருநிரல் ஆயத்தமாகவில்லை. அக்குறையை நிரப்பியவன் ஒரு மாணவன். வகுப்பறையில் யுனிக்ஸைக் கற்பிக்க இயலாது போன நிலையில், அம்ஸ்டர்டாமில் பேராசிரியராயிருந்த அன்ட்ரூ ரெனன்போம் மினிக்ஸ் என்னும் சிறிய முறைமையை ஆக்கி, 1987இல் பாடநூலோடு வெளியிட்டார். பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் ரோவால்ட்ஸ் அதனைக் கற்று, தமது கணினியில் புதியதொரு கருநிரலை எழுதத் தொடங்கினார். 1991 ஓகஸ்டில், தமது இருபத்தோராம் வயதில், அது வெறும் பொழுதுபோக்கே, பெரிதாக வளராது என்ற கருத்துப்பட அதனை உலகுக்கு அறிவித்தார். அயலவர் இன்று கூறும் அதே சொல்! 1992இல் அவர் தம் நிரலைப் பொது மக்கள் உரிமத்தின்கீழ் கொண்டுவந்தார். கருநிரலும் க்னூவின் கருவிகளும் இணைந்தன.

லினக்ஸைத் தனியொரு மேதையின் படைப்பாகக் காண்பது வரலாற்று நோக்காகாது. தடைசெய்யப்பட்ட பாடமும், அதற்கு மாற்றாக எழுந்த பாடநூலும், எட்டாண்டுகளாகப் பலர் ஆக்கிய கருவிகளும் கூடிய இடத்தில் அம்மாணவர் நின்றார். அவர் அனுப்பியதைப் பெற்றுப் பிழை கண்டு திருத்தியோர் நூற்றுக்கணக்கினர். அவர்களுட் பெரும்பாலோர் தாமும் கற்போராகவே இருந்தனர்.

தேர்ந்தோரின் கருவியாக இருந்த இதனைச் சாதாரண மக்களின் மேசைக்குக் கொண்டுவந்த முயற்சியும் இத்தகையதே. சாளரங்களும் படவுருக்களும் கொண்ட இடைமுகத்தை ஆக்க 1996இல் ஜேர்மனியில் கே.டி.ஈ. திட்டமும் 1997இல் குனோம் திட்டமும் தோன்றின. முன்னது நம்பியிருந்த நிரற்றொகுதியொன்று அக்காலத்தில் முழுச் சுதந்திரம் உடையதாக இல்லாமையே பின்னது தோன்றக் காரணம். 2004இல் வெளிவந்த உபுண்டு, கேட்டவர்க்கெல்லாம் இறுவட்டுக்களைத் தபாலில் இலவசமாக அனுப்பிப் புதியோரை வரவேற்றது. இடைமுகங்களைத் தமிழாக்கும் பணியில் பல நாடுகளிலிருந்த தமிழ் ஆர்வலர் கூலியின்றி உழைத்தனர். நம் மொழிக்குச் சந்தை உண்டா என்று அவர்கள் எவரையும் கேட்டுக் காத்திருக்கவில்லை. மூலநிரல் திறந்திருந்தது, வேலை தொடங்கிற்று.

நம் நாட்டிலும் இம்மரபு வேரூன்றியது. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை கரையோரங்களை அழித்தபோது, இலங்கையின் கணினித் துறையினர் தன்னார்வமாகக் கூடி, காணாமற் போனோரையும் முகாம்களையும் நிவாரணத் தேவைகளையும் பதிவுசெய்யும் சஹனா என்னும் நிரலை ஆக்கினர். மூலநிரலைத் திறந்து விட்டமையால் 2005இல் பாகிஸ்தானின் பூகம்பத்தின்போதும் அது பயன்பட்டது. ஒரு நாட்டின் துயரத்தில் விளைந்த அறிவு, உரிமக் கட்டணமின்றி இன்னொரு நாட்டின் துயரைத் துடைக்கச் சென்றது.

எனினும் வெற்றி முழுமையானது என்று மயங்குதல் தகாது. இன்று உலகின் மிகப்பெருங் கணினிகளும் கோடிக்கணக்கான கைத்தொலைபேசிகளும் லினக்ஸ் கருநிரலின் மீதே இயங்குகின்றன. ஆனால் அத்தொலைபேசியை வைத்திருப்பவர் பெரும்பாலும் அதன் நிரலைத் தொடமுடியாது. 2019இல் ஐ.பி.எம்., லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ரெட் ஹற் கம்பனியை 3,400 கோடி டொலருக்கு வாங்கியது. பொதுவில் விளைந்ததன் பெரும்பயனை மூலதனம் அறுவடை செய்கிறது. ஜேர்மனியின் மியூனிச் நகரசபை 2003இல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்து, சுமார் 15,000 கணினிகளை மாற்றிய பின், 2017இல் மீண்டும் விண்டோஸுக்குத் திரும்ப முடிவுசெய்தது. தொழில்நுட்பம் தானாக விடுதலை தராது. அதனைப் பேணும் மனவுறுதியும் ஒழுங்கமைப்பும் வேண்டும் என்பதே இதன் பாடம்.

ஆகவே புதிதாகத் தொடங்குபவன் இடர்களை எதிர்பார்த்தே தொடங்கவேண்டும். முதலில் தன் கோப்புக்களைப் பிரதியெடுத்து வேறிடத்தில் வைக்கட்டும். நிறுவாமலே நினைவகக் குச்சியிலிருந்து முறைமையை இயக்கிப் பார்க்கும் வசதி உண்டு. இயந்திரத்தின் உறுப்புக்கள் ஒத்துழைக்கின்றனவா என்பதை அதனால் அறியலாம். அச்சுப்பொறி அடம்பிடிக்கலாம், தமிழ் விசைப்பலகையைப் பொருத்த ஒரு மாலைப்பொழுது செல்லலாம், அலுவலகத்திலிருந்து வரும் ஆவணம் வரிகுலைந்து தோன்றலாம். இவை பொய்யான அச்சங்களல்ல. ஆனால் இவ்விடர்களுக்கு விடைதேடும்போதுதான், மூடிய பெட்டியொன்றின் வாடிக்கையாளன் என்ற நிலையிலிருந்து அவன் விடுபடுகிறான். கண்டறிந்த விடையைத் தமிழில் எழுதிவைத்தால் அடுத்தவனுக்கு வழி எளிதாகும். அவ்வாறு எழுதுவதும் அம்மரபில் பங்கேற்பதே.

லயன்ஸின் உரையைப் பிரதிசெய்த மாணவர்கள் ஒரு பாடத்தைக் காப்பாற்றினர். அப்பாடம் இன்று தடையின்றி நம்முன் திறந்து கிடக்கிறது. ஆசிரியர்களும் மாணவர்களும் அதனை வாசிக்காது விடுவரேல், மூடிய பெட்டிக்கும் திறந்த பெட்டிக்கும் நமக்கு வேறுபாடு இல்லாது போகும்.