கோசம்பியில் ஒரு பிணக்கு

யமுனைக் கரையில் வத்ச நாட்டின் தலைநகராக விளங்கிய கோசம்பியின் சிதைவுகள், பிரயாக்ராஜ் நகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. 1949-ஆம் ஆண்டு தொடங்கிய அகழ்வாராய்ச்சியில் அங்கே ஒரு விகாரத்தின் அடித்தளம் வெளிப்பட்டது. கிடைத்த கல்வெட்டினால் அதுவே கோசிதாராமம் என்று துணியப்பட்டது. அன்பைப் போதித்த புத்தர்பிரானின் சீடர்களே ஒருவரையொருவர் பகைத்து நின்ற இடம் அது.

பிணக்கின் தோற்றத்தைப் பாலி உரைநூல்கள் கூறுகின்றன. அறவுரை நிகழ்த்தும் பிக்கு ஒருவர், கழிப்பிடத்துக் கலத்தில் மீந்த நீரைக் கொட்டாது வைத்துவிட்டார். விநயம் வல்ல பிக்கு ஒருவர் அது குற்றமென்றார். முன்னவர் குற்றத்தை ஒப்புக்கொள்ள முன்வந்தபோது, அறியாது செய்தமையால் குற்றமில்லை என்று அவரே சமாதானமும் கூறினார். ஆயினும், அவருக்குத் தம் குற்றமே தெரிவதில்லை என்று பின்னர்த் தம் மாணாக்கரிடம் பேசினார். அச்சொல் மறுபக்கம் எட்டியது. விலக்குத் தண்டனை விதிக்கப்பட்டது, சங்கம் இரண்டுபட்டது. கலத்து நீர் சிறிதே. புறத்தே சொன்ன சொல்லே பெரிதாயிற்று.

புத்தர் எப்பக்கமும் சாரவில்லை. விலக்கியவர்களிடம், பிளவு நேருமென்பதை எண்ணாது ஒருவரை விரைந்து விலக்கலாகாது என்றார். விலக்கப்பட்டவரிடம், கற்றறிந்த தோழர்கள் குற்றமெனக் கருதுவதை, ஒற்றுமையின்பொருட்டு ஏற்றுக்கொள்ளலாம் என்றார். பெற்றோரைக் கொன்ற காசி மன்னன் தன் மடியில் தலைவைத்து உறங்கியபோதும், தந்தையின் இறுதி மொழியை நினைந்து வாளை உறையிலிட்ட தீகாவு இளவரசனின் கதையையும் எடுத்துரைத்தார். பிக்குகள் செவிசாய்க்கவில்லை. இப்பூசலைத் தாங்களே பார்த்துக்கொள்வதாகவும், பெருமான் அமைதியாக இருக்கலாம் என்றும் கூறிவிட்டனர்.

அப்பெருமான் சினக்கவில்லை, மன்றாடவுமில்லை. பாத்திரத்தை ஏந்தித் தனியே வெளியேறினார். பொறுமை என்பது பூசலின் நடுவே என்றும் அமர்ந்திருப்பது அன்று என்பதை இதனால் அறிகிறோம்.

வழியில் ஒரு சோலையில் அநுருத்தர், நந்தியர், கிம்பிலர் என்னும் மூவர் பாலும் நீரும் கலந்தாற்போல் வாழக் கண்டார். அவர்களுடைய முறை எளியது. பிச்சையேற்று முதலில் திரும்புபவர் இருக்கைகளை விரித்து நீர் எடுத்து வைப்பார். இறுதியில் வருபவர் இடத்தைத் துப்புரவு செய்வார். குடம் வெறுமையாயிருப்பதைக் கண்டவரே அதை நிரப்புவார்; இயலாவிடில் கைச்சாடையால் மற்றொருவரை அழைப்பார். நேற்று நிரப்பியவர் யார் என்ற கேள்வி அங்கே எழவில்லை. தம் விருப்பத்தை ஒதுக்கித் தோழர் விருப்பப்படி நடப்பதாக மூவரும் தனித்தனியே கூறினர். பாலியில் 'சதி' எனப்படும் விழிப்பு நினைவு, கண்மூடி அமர்வதில் மட்டும் இல்லை. வெற்றுக் குடம் கண்ணிற்படுவதிலும் உள்ளது. கோசம்பியில் ஒரு கலத்து நீர் பகை வளர்த்தது; சோலையில் ஒரு குடத்து நீர் நட்பு வளர்த்தது.

பின்னர்ப் பாரிலேய்யக வனத்தில் தங்கிய பெருமான், சாவத்தி நகர் சென்றார். இதற்கிடையே கோசம்பி மக்கள், பூசலிட்ட பிக்குகளுக்கு வணக்கமும் பிச்சையும் தருவதை நிறுத்தினர். பிக்குகள் சாவத்திக்கு விரைந்தனர். விலக்கப்பட்டவர் தனித்திருந்து சிந்தித்துத் தாம் செய்தது குற்றமே என்று உணர்ந்தார். சங்கம் அவரை மீண்டும் ஏற்றது.

எனினும், பிளவின் அச்சம் நீங்கிற்றில்லை. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோகர், கோசம்பியின் மகாமாத்திரர்களுக்கு ஓர் ஆணை விடுத்தார். சங்கத்தைப் பிளப்பவர், பிக்குவாயினும் பிக்குணியாயினும், வெள்ளாடை உடுத்து வெளியே வாழவேண்டும் என்பது அதன் கருத்து. பிரயாக்ராஜ் கோட்டையிலுள்ள தூணில் அதனை இன்றும் காணலாம். அதே அரசர் தம் பன்னிரண்டாம் பாறைச் சாசனத்தில், பிறர் சமயத்தைக் காரணமின்றிப் பழியாது நாவை அடக்குமாறு வேண்டினார். ஆணை பிரிந்தவரை வெளியேற்றலாம். சேர்ந்திருப்பவரை இணைப்பது நாவடக்கமே.

நாமும் ஒரே கூரையின்கீழ், ஒரே அலுவலகத்தில், மனம் ஒவ்வாதவரோடு வாழ்கிறோம். அவரைத் திருத்துவது நம் கையில் இல்லாதிருக்கலாம். அவரைப்பற்றி அடுத்தவரிடம் சொல்லவிருக்கும் சொல்லை நிறுத்துவது நம் கையில் உண்டு. கோசம்பியின் பூசல் தொடங்கியது அங்கேதான்.