வம்புக்கு வாய்த்த அரைமணி

அமெரிக்கத் தொலைக்காட்சியில் நாள்தோறும் மாலையில் வரும் நட்சத்திர வம்பு நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதுவோரில் பலர், அவற்றின் பிறப்புக்குப் பாமர ரசனையையே காரணம் காட்டி விசாரணையை முடித்துக்கொள்கின்றனர். அயலார் அந்தரங்கத்தை அறியும் ஆசை மனித சுபாவத்தில் அநாதியாக உள்ளதாகையால், அது 1981ஆம் ஆண்டில், இரவுச் சாப்பாட்டு வேளையில், ஒரு நிலையான வியாபார உருவம் பெற்றது ஏன் என்ற கேள்விக்கு அந்த ஆசை விடையாகாது. அவ்வுருவத்தைத் தந்தவை ஓர் அரசாங்க விதியும் ஒரு செயற்கைக்கோளுமே என்பது என் கட்சி.

வலையமைப்பு நிறுவனங்கள் மூன்றின் ஏகபோகத்தைத் தளர்த்தி, ஊர்தோறும் உள்ளூர்ப் படைப்பு தழைக்க வேண்டுமென்ற சதுத்தேசத்துடன், மத்திய தகவல்தொடர்பு ஆணையம் 1970இல் ஒரு விதி செய்தது. அதன்படி, 50 பெரிய நகரச் சந்தைகளில் அந்நிறுவனங்களோடு இணைந்த நிலையங்கள், மாலையின் முக்கியமான நான்கு மணி நேரத்தில் மூன்று மணி நேரத்துக்குமேல் அவற்றின் நிகழ்ச்சிகளை ஒளிபரப்பலாகாது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காயிற்று. காலியான நேரத்தை நிரப்பும் பணமோ ஆள்பலமோ பெரும்பாலான நிலையங்களுக்கு இல்லாமையால், எங்கோ தயாராகி ஊர் ஊராக விற்கப்பட்ட மலிவான போட்டி விளையாட்டுகள் அங்கே குடியேறின.

அந்த நேரத்துக்குத்தான் 1981 செப்டம்பர் 14 அன்று ‘எண்டர்டெயின்மெண்ட் டுநைட்’ வந்தது. அதைத் தோற்றுவித்த ஆல்பிரெட் மசினி நிருபரல்லர். நிலையங்களின் சார்பில் விளம்பர நேரம் விற்றுப் பழகிய வியாபாரி. ஆகவே நிலையத்தாரின் தேவை எதுவென்று பத்திரிகையாளரைக் காட்டிலும் அவர் நன்கறிவார். அதுவரை இத்தகைய நிகழ்ச்சிகளின் ஒளிநாடாக்கள் தபாலிலும் பார்சலிலும் நிலையம் நிலையமாகச் சுற்றிவரும். போட்டி விளையாட்டுக்கு அத்தாமதம் பாதகமில்லை. வம்போ ஆறினால் செல்லாது. அன்றைய செய்தியை அன்றே செயற்கைக்கோள் வழியாக நாடெங்குமுள்ள நிலையங்களுக்கு அனுப்பியதே இந்நிகழ்ச்சியின் மெய்யான புதுமை என்பேன். மற்றதெல்லாம் பழைய சினிமாப் பத்திரிகையின் சரக்குதான். நிலையத்தார் விலையில் ஒரு பங்கை ரொக்கமாகக் கொடாமல், தம் விளம்பர நேரத்தில் சிலவற்றை விட்டுக்கொடுத்தே நிகழ்ச்சியைப் பெறும் பண்டமாற்று முறையும் இத்துறையில் வேரூன்றிற்று.

நாள்தோறும் அரைமணியை நிரப்ப நாள்தோறும் நட்சத்திரம் வேண்டும். நட்சத்திரத்தின் வாசலிலோ விளம்பர முகவர் நிற்கிறார். படப்பிடிப்புத் தளத்தில் நுழைய அனுமதி கிடைக்க வேண்டுமாயின் முகஸ்துதி தவிர்க்கவொண்ணாதது. அறிவிப்பாளர் மேரி ஹார்ட் 1982 முதல் 2011 வரை அந்நிகழ்ச்சியில் காட்டிய மாறாத முகமலர்ச்சி அவருடைய சுபாவமாகவும் இருக்கலாம்; அத்தொழிலின் முதலீடும் அதுவே.

அந்நிகழ்ச்சியை வழங்கிய பாராமவுண்ட் நிறுவனமே 1989இல் ‘ஹார்டு காப்பி’ என்ற நிகழ்ச்சியையும் தொடங்கிற்று. ஒரே கூரையின்கீழ் ஒன்று கேட்டுப் பெற்றது. மற்றொன்று கேளாமல் எடுத்தது. இந்த இரட்டை வியாபாரத்தின் நலிந்த மூட்டைக் கண்டு அடித்தவர் நடிகர் ஜார்ஜ் குளூனி. தம்மைப் பற்றி ஒளிபரப்புவதில்லை என்ற வாக்கை ‘ஹார்டு காப்பி’ மீறியது கண்டு, அவர் 1996இல் பகிஷ்கரித்தது அதையன்று, ‘எண்டர்டெயின்மெண்ட் டுநைட்’டை! வேறு சில நட்சத்திரங்களும் உடன் நின்றனர். இகழ்வோர்க்கு நட்சத்திரத்தின் தயவு தேவையில்லை, புகழ்வோர்க்கே தேவை என்ற சூட்சுமத்தை, அறநெறி பேசிய விமரிசகர்களைவிட அந்நடிகர் நன்கு புரிந்துகொண்டிருந்தார்.

அவ்வாண்டிலேயே பழைய விதியும் ரத்தாயிற்று. ஆயினும் வலையமைப்புகள் அந்த நேரத்தை மீட்கவில்லை. அதன் லாபத்தைக் கண்டுகொண்ட நிலையங்கள் அதை எளிதில் விடுமா?

2007 செப்டம்பரில் தொடங்கிய ‘டிஎம்இசட் ஆன் டிவி’யைச் சீரழிவின் உச்சமென்பது வழக்கம். சிக்கனத்தின் உச்சமென்பது பொருத்தமாகும். அதை நடத்தும் வழக்கறிஞரான ஹார்வி லெவின் கையில் உறிஞ்சுகுழல் செருகிய பானக் கோப்பையுடன் நிற்க, மேஜைகளிடையே அமர்ந்த இளைஞர்கள் அன்றைய செய்திகளை ஒவ்வொன்றாக அவரிடம் ஒப்புவிக்கிறார்கள். செய்தி அறையே அரங்கமாகிவிடுவதால் அலங்கார மேடைக்கோ மினுமினுக்கும் அறிவிப்பாளருக்கோ இடமில்லை. காட்சிகளோ விமான நிலைய வாசலிலும் உணவகத்து நடைபாதையிலும் கிடைத்தவை. முகவரின் தயவு இதற்குத் தேவையில்லை என்று முதற்பார்வைக்குத் தோன்றும். ஆனால் அங்கே பெட்டியை இழுத்துவரும் நடிகர்கள் பலர் ஒளிப்பதிவாளரின் அசட்டுக் கேள்விக்குச் சிரித்துப் பதிலளித்து, வெளிவரவிருக்கும் படத்தின் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறுகிறார்கள்.