பால் பாட்டிலில் வளர்ந்த ஈக்கள்: இளநிலை உயிரியல் ஆய்வுத் திட்டத்தின் கதை

உயிரியல் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் மாணவர் தாமே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, சில மாதம் சோதனை செய்து, ஆய்வேடு எழுதி, வைவாவில் பதில் சொல்வது இன்று சாதாரண நடைமுறை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்து, அமெரிக்கக் கல்லூரிகளில் இது வழக்கத்தில் இல்லை. உயிரியல் பெரும்பாலும் காதால் கேட்கும் பாடமாகவே இருந்தது. ஆசிரியர் மேசையில் வைத்துக் காட்டுவார்; மாணவர் குறிப்பெடுப்பார்.

அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி. 1871-ல் லண்டனின் சவுத் கென்சிங்டனில் பள்ளி ஆசிரியர்களுக்கு அவர் நடத்திய கோடை வகுப்பில், வந்தவர்களே நுண்ணோக்கியில் பார்த்து, அறுத்து, வரைய வேண்டியிருந்தது. அந்த முறையை அவரும் ஹென்றி நியூவெல் மார்ட்டினும் 1875-ல் செய்முறை நூலாக வெளியிட்டார்கள். ஈஸ்ட்டில் தொடங்கித் தவளையில் முடியும் அந்த வரிசையின் சாயல் இன்றைய பாடத்திட்டங்களிலும் தெரிகிறது. ஆனால் அது செய்முறைப் பயிற்சிதான். தவளைக்குள் என்ன இருக்கும் என்பது ஆசிரியருக்கு முன்பே தெரியும்.

விடை தெரியாத கேள்வி அமெரிக்காவில் வந்து சேர்ந்தது. ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களைப் பின்பற்றி, ஆராய்ச்சியை முதன்மையாக வைத்து 1876-ல் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம், உயிரியல் பேராசிரியராக அதே மார்ட்டினை அழைத்துக்கொண்டது. அங்கே 1890-ல் முனைவர் பட்டம் பெற்றவர் தாமஸ் ஹன்ட் மார்கன். பின்னாளில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் நடத்திய ஆய்வகத்துக்கு ‘ஈ அறை’ என்று பெயர். ஏறத்தாழ 16 அடிக்கு 23 அடி, எட்டு மேசைகள், பால் பாட்டில்களில் வாழைப்பழம் தின்று வளரும் பழ ஈக்கள்.

1909-10 கல்வியாண்டில் மார்கன் எடுத்த அறிமுக வகுப்பில் ஆல்ஃபிரட் ஸ்டர்ட்டிவன்ட், கால்வின் பிரிட்ஜஸ் என்ற இரண்டு இளநிலை மாணவர்கள் இருந்தார்கள். ஸ்டர்ட்டிவன்ட் தம் வீட்டுக் குதிரைகளின் நிறம் எப்படி வழிவழியாக வருகிறது என்று ஒரு கட்டுரை எழுதிக் காட்டினார். மார்கன் அதை அச்சிடச் சொன்னதோடு ஆய்வகத்தில் ஒரு மேசையும் கொடுத்தார். பிரிட்ஜஸ் வந்தது பாட்டில் கழுவும் வேலைக்கு. பாட்டிலின் தடித்த கண்ணாடி வழியாகவே, கண்ணின் நிறம் மாறிய ஓர் ஈயைக் கண்டுபிடித்ததும் அவருக்கும் ஆய்வில் இடம் கிடைத்தது. ஸ்டர்ட்டிவன்ட்டுக்கோ சிவப்பு, பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. அவருடைய பலம் கணக்கில் இருந்தது.

1911-ன் பிற்பகுதியில், கடைசி ஆண்டு மாணவராக இருந்த ஸ்டர்ட்டிவன்ட், ஈக்களைக் கலந்து வளர்த்ததில் ஆய்வகத்தில் சேர்ந்திருந்த எண்ணிக்கைகளை வீட்டுக்கு எடுத்துப்போனார். கல்லூரிப் பாடத்தைத் தள்ளிவைத்து இரவின் பெரும்பகுதி அதிலேயே உட்கார்ந்தார். ஒரே குரோமோசோமில் இருக்கும் இரண்டு மரபணுக்கள் எத்தனை விழுக்காடு ஈக்களில் பிரிந்து போகின்றனவோ, அதுவே அவற்றுக்கு இடையேயான தொலைவு என்று வைத்துக்கொண்டார். வெள்ளைக் கண்ணுக்கும் பளீர்ச் சிவப்புக் கண்ணுக்கும் உரிய மரபணுக்களுக்கு இடையே 29.7, பளீர்ச் சிவப்புக் கண்ணுக்கும் குட்டைச் சிறகுக்கும் இடையே 3.0. கூட்டினால் 32.7. வெள்ளைக் கண்ணையும் குட்டைச் சிறகையும் நேரடியாக எண்ணியதில் கிடைத்ததோ 33.7. இவ்வளவு நெருங்கி வருவதால், மரபணுக்கள் ஒரே கோட்டில் வரிசையாக இருக்கின்றன என்று அவர் முடிவுகட்டினார். உலகின் முதல் மரபணு வரைபடம் அது. 1913-ல் அச்சில் வந்தது.

மாணவரின் மேதைமை ஒரு பக்கம் இருக்கட்டும். ஈயின் பங்கும் குறைவில்லை. பழ ஈயின் ஒரு தலைமுறைக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் போதும், தீனிச் செலவும் அற்பம். ஒரு கல்வியாண்டுக்குள் சோதனையை முடிக்க உதவும் உயிரி கிடைத்த பிறகுதான் இளநிலை ஆய்வு நடைமுறைக்கு வந்தது எனலாம்.

இப்படி அங்கொன்றும் இங்கொன்றுமாக நடந்ததை ஏற்பாடாக மாற்றியது அரசியல். 1957-ல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கா அறிவியல் கல்விக்குப் பணத்தைக் கொட்டியது. அடுத்த ஆண்டே அந்நாட்டுத் தேசிய அறிவியல் அறக்கட்டளை இளநிலை ஆய்வுக்கு நிதி தரத் தொடங்கியது. 1969-ல் எம்.ஐ.டி.யில் மார்கரெட் மக்விகார் தொடங்கிய திட்டம், எந்த ஆண்டு மாணவரும் பேராசிரியரின் ஆய்வில் சேரலாம் என்று கதவைத் திறந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் நின்றுபோன அரசு நிதி, 1987-ல் வேறு பெயரில் மீண்டும் வந்தது.

இந்தியாவில் ஆய்வேடு நெடுங்காலம் முதுநிலைக்கும் எம்.ஃபில்.லுக்கும் உரியதாகவே இருந்தது. நுண்ணுயிரியல், உயிரித்தொழில்நுட்பப் பட்டப்படிப்புகள் பெருகிய பிறகு தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் ஆறாம் செமஸ்டரில் குழு புராஜெக்ட் இடம்பிடித்தது. துளசியோ வேம்போ அரைத்து வடித்த சாற்றில் காகித வட்டை நனைத்து, பாக்டீரியா பூசிய அகார் தட்டில் வைக்கிறார்கள். மறுநாள் வட்டைச் சுற்றிய தெளிந்த வளையத்தை ஸ்கேலால் அளந்து மில்லிமீட்டரில் எழுதுகிறார்கள். மருந்துகளைச் சோதிக்க 1966-ல் பாவரும் கர்பியும் சகாக்களும் வரையறுத்த முறை இது. செலவு குறைவு, முடிவு ஒரே நாளில். வசதியில் பழ ஈக்கு இணைதான். ஆனால் ஆண்டுதோறும் அதே இலை, அதே பாக்டீரியா என்றால் வளையம் வரும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. பெயர் ஆய்வு, நடப்பது ஹக்ஸ்லி காலத்துச் செய்முறை வகுப்பு.

தேசியக் கல்விக் கொள்கை 2020-ஐ ஒட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட கட்டமைப்பு, நான்காண்டு இளநிலைப் படிப்பின் கடைசி ஆண்டில் 12 கிரெடிட் ஆய்வேட்டுக்கு இடம் ஒதுக்கியது. முதல் ஆறு செமஸ்டர்களில் 75 விழுக்காடோ அதற்கு மேலோ பெற்றவர்களுக்கே அந்த வாய்ப்பு. மற்ற ஆனர்ஸ் மாணவர்கள் அதே 12 கிரெடிட்டுக்கு மூன்று பாடங்கள் படிக்க வேண்டும்.