பாத்ரூம் சுவரில் ஒரு சின்ன வளைவு

கும்பகோணத்துல எங்க பாட்டி வீட்டு பின்கட்டு பாத்ரூமைப் புதுசாக்கிட்டு இருக்கேன்னு போன எபிசோடுல சொன்னேன் இல்லையா? எவ்வளவு செலவு, என்ன டைல்ஸ்னு நிறைய பேர் கேட்டீங்க. அதுக்கும் வர்றேன். ஆனா இன்னிக்குப் பேசப்போறது அந்தச் சுவரைப் பத்தி.

அஞ்சுக்கு நாலு அடி ரூம். கிணத்தடியையும் தாண்டி, வீட்டோட கடைசி மூலை. பல வருஷமா யாரும் போறதில்ல. உடைஞ்ச நாற்காலியும் பெயிண்ட் டப்பாவும்தான் குடியிருந்தது. ஆனா கதவைத் திறந்தா அப்படி ஒரு நாத்தம். யாருமே பயன்படுத்தாத பாத்ரூம் ஏன் நாறணும்? பிளம்பர் அண்ணன் பதில் சொல்லாம, தரையில இருந்த நானி டிராப்ல ஒரு பக்கெட் தண்ணிய ஊத்தினார். மறுநாள் பாதி நாத்தம் போயிருந்தது.

விஷயம் ரொம்ப எளிமை. டிராப்போட வளைவுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கணும். குழாயில இருந்து வாயு மேல வராம அந்தத் தண்ணிதான் தடுக்குது. பயன்படுத்தாம விட்டா தண்ணி காஞ்சிடும், வழி திறந்துடும், கரப்பான்பூச்சியும் வரும். இப்படி வளைஞ்ச குழாய் வச்ச கழிப்பறைக்கு 1775-ல் லண்டனில் காப்புரிமை வாங்கியவர் அலெக்சாண்டர் கம்மிங். ஸ்காட்லாந்துக்காரர், தொழில் கடிகாரம் செய்வது. கழிப்பறை வீட்டுக்குள்ள வர முடிஞ்சதுக்கு, அந்த வளைவுல நிக்கிற ரெண்டு இன்ச் தண்ணி ஒரு முக்கியமான காரணம்.

நம்ம ஊர்ல அது வீட்டுக்குள்ள வர ரொம்ப நாள் ஆச்சு. பேரே கடன்தான். கக்கூஸ்ங்கிறது டச்சு மொழியிலிருந்து வந்த சொல். கும்பகோணத்துக்குப் பக்கத்துல இருக்கிற நாகப்பட்டினத்தை 1658-லிருந்து 1781 வரை டச்சுக்காரங்கதான் வச்சிருந்தாங்க.

சரி, சுவர். மேஸ்திரி பின்பக்கச் சுவர்ல கீழ்ப்பூச்சைக் கொத்திட்டு இருந்தவர் சட்டுனு நிறுத்திட்டார். "தம்பி, இங்க வேற செங்கல் வச்சு அடைச்சிருக்காங்க." தரையை ஒட்டி, ஒன்றரை அடி அகலத்துல ஒரு வளைவு. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் போற சந்து. ஏதோ பழைய ஜன்னல்னு நினைச்சேன். மேஸ்திரிக்குத் தெரிஞ்சிருந்தது, ஆனா அவர் எதுவும் சொல்லல.

பாட்டிதான் சொன்னாங்க. "எடுப்புக் கக்கூஸ்டா அது."

மேலே ரெண்டு கல், கீழே ஒரு வாளி, அதுக்கு நேரா இந்தத் துவாரம். தினமும் விடியற நேரத்துல ஒரு அம்மா சந்து வழியா வந்து, வெளியில இருந்தே வாளியை இழுத்து, கூடையில் கொட்டி, சாம்பல் தூவி, தலையில சுமந்துட்டுப் போவாங்க. வீட்டுக்குள்ள அவங்க கால் படக்கூடாது, கண்ணுலயும் படக்கூடாதுங்கிறதுக்காகவே அந்தச் சந்து, அந்தத் துவாரம். வீட்டைக் கட்டும்போதே இதுக்குக் கணக்குப் போட்டிருக்காங்க.

தாத்தா 1979-ல் செப்டிக் டேங்க் கட்டினப்புறம் துவாரத்தை அடைச்சிருக்கார். நாட்டுக்குன்னு சட்டம் வந்தது 1993-ல். அதோட ஓட்டைகளை அடைக்க இன்னொரு சட்டம் 2013-ல்.

"அந்த அம்மா பேர் என்ன பாட்டி?"ன்னு கேட்டேன். யோசிச்சாங்க. "பேரா? சாதியைச் சொல்லித்தான்டா கூப்பிடுவோம்." கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து பார்த்தவங்க. தீபாவளிக்குப் புடவை கொடுத்தது ஞாபகம் இருக்கு, நிறம்கூட ஞாபகம் இருக்கு. பேர் தெரியல. அதுக்கப்புறம் பாட்டி ரொம்ப நேரம் பேசல. நானும் தோண்டல.

இதைக் கேட்டதுக்கப்புறம் என் பிளான்ல ஒண்ணு மாறிச்சு. வெளியில செப்டிக் டேங்க் மூடி மேலயே டைல்ஸ் ஓட்டி, தரையை ஒரே சீரா கொண்டு வரலாம்னு வரைஞ்சு வச்சிருந்தேன். பார்க்க அழகா இருக்கும். ஆனா நிறைஞ்சா? உடைச்சுத்தான் திறக்கணும். லாரி குழாய் சரியா இறங்காது, "ஒரு ஆளை இறக்கிடலாம் சார்"னு யாராவது சொல்வாங்க. டேங்க்குக்குள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு. ஒண்ணு ரெண்டு மூச்சுலயே ஆள் விழுந்துடலாம். காப்பாத்தப் போறவரும் விழுவார். 2014-ல் உச்ச நீதிமன்றம், 1993-லிருந்து சாக்கடையிலும் டேங்க்கிலும் இறந்தவங்க குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுக்கச் சொன்னது. 2023-ல் அதை முப்பது லட்சமாக்கியது. தொகையை உயர்த்த வேண்டிய அளவுக்கு இன்னும் ஆள் இறங்கிட்டுத்தான் இருக்காங்க.

இப்போ செலவு. எல்லாம் சேர்த்து 68 ஆயிரம். வழுக்காத மேட் டைல்ஸ், டிராப் பக்கம் அடிக்குக் கால் இன்ச் சரிவு, பாட்டி முழங்காலுக்காக வெஸ்டர்ன் கிளாசெட், பிடிச்சு எழ ஒரு கம்பி. வளைவை உள்பக்கம் ஈரம் இறங்காம பூசிட்டோம். சந்துப் பக்கம் செங்கல் தெரியற மாதிரி அப்படியே விடச் சொன்னேன்.

டேங்க் மூடியும் தெரியற மாதிரிதான் இருக்கு. ரெண்டுக்கு ரெண்டு சிமென்ட் பலகை, கொக்கியோட. டைல்ஸுக்குக் கொஞ்சமும் பொருந்தல. மேல ஒரு செம்பருத்தித் தொட்டி வச்சு மறைச்சிடலாம்னாங்க பாட்டி. ஒரு ஆள் தூக்கி நகர்த்துற அளவுல சின்னதா வைங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.