ஆணையும் அறமும்

சட்டத்தை ஆக்குபவர் ஒருவர். அதைக் கையிலேந்தி மக்கள் முன் நிற்பவர் மற்றொருவர். பின்னவரே பொலிஸ் உத்தியோகத்தர். சட்டம் அநீதியானதாயின், அதன் பழியில் அவருக்கும் பங்குண்டோ? இவ்வினாவுக்கு விடை தேடுவோர், சுவிற்சர்லாந்தின் வடகிழக்கிலுள்ள சென்ற் காலன் மாநிலத்தின் வரலாற்றை நோக்குதல் தகும்.

1938 மார்ச்சில் ஹிட்லரின் ஜேர்மனி ஒஸ்திரியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. உயிருக்கும் மானத்துக்கும் அஞ்சிய யூதர் பலர் அயல்நாடாகிய சுவிற்சர்லாந்தை நோக்கி ஓடினர். ஓகஸ்ட் மாதத்தில் சுவிஸ் அரசு எல்லையை அடைத்தது. விசா இன்றி வருவோரைத் திருப்பி அனுப்புமாறு பணித்தது. சென்ற் காலன் பொலிஸ் படைக்கு அப்பொழுது தலைவராயிருந்தவர் போல் குறூனிங்கர். அச்சேவையிற் சேருமுன் அவர் ஆசிரியராய் இருந்தவர்.

திருப்பி அனுப்பப்படுவோர்க்கு என்ன நேரும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆதலின், வந்தோரை உள்ளே ஏற்றார். எல்லை அடைபடுமுன்னரே அவர்கள் வந்துவிட்டனர் என்று தோன்றும்படி, வருகைத் திகதிகள் முற்படுத்தி எழுதப்பட்டன. காப்பாற்றப்பட்டோர் தொகை பற்றிய கணிப்புகள் வேறுபடினும், அவர்கள் பல நூற்றுவர் என்பதில் ஐயமில்லை.

1939 இல் அவர் பதவி நீக்கப்பட்டார். கடமை மீறல், ஆவணப் புரட்டு ஆகிய குற்றங்களுக்காக 1940 இல் நீதிமன்றம் அவருக்கு 300 பிராங் தண்டம் விதித்தது. ஓய்வூதிய உரிமையும் பறிபோயிற்று. எஞ்சிய வாழ்நாளை நிலையான தொழிலின்றி வறுமையிற் கழித்து, 1972 இல் மறைந்தார்.

காவலர் ஒவ்வொருவரும் தமக்கு ஒவ்வாத சட்டத்தை மீறத் தலைப்பட்டால் நாட்டில் ஒழுங்கு நிலைக்குமோ என்று சிலர் வினவுவர். வினா நியாயமானதே. திகதியைத் திரித்தல் பிழை என்பதும் மெய்யே. ஆயினும், அப்பிழையால் அவர் எய்திய ஆதாயம் யாது? இழந்தது தமது வாழ்வை. காத்தது பிறர் உயிரை. திருப்பி அனுப்பிய பின் மனம் வருந்தினும், போன உயிர் மீளாது. 1945 இல் வகுக்கப்பட்ட நியூறம்பேர்க் நீதிமன்றச் சாசனம், மேலிடத்துக் கட்டளை தண்டனையைக் குறைக்கலாமேயன்றிக் குற்றப்பொறுப்பினின்றும் ஒருவரை விடுவிக்காது என விதித்தது. உலகம் அவ்விதியை எழுதுமுன்னரே குறூனிங்கர் அதன்படி நடந்துவிட்டார்.

1971 இல் இஸ்ரேலின் யாட் வஷேம் நிறுவனம் அவரைக் கௌரவித்தது. 1995 இல் சென்ற் காலன் மாவட்ட நீதிமன்றம் பழைய தீர்ப்பை நீக்கி, அவர் குற்றமற்றவர் எனத் தீர்ப்பளித்தது. அதைக் கேட்க அவர் உயிருடன் இல்லை. அநீதியான ஆணை எங்கோ ஓர் அலுவலகத்தில் எழுதப்படுகின்றது. ஏதிலியைத் தீண்டுவதோ காவலரின் கை. அக்கைக்குரியவரும் பொறுப்பாளியே.