ஆலைச் சங்கு ஓய்ந்த பின்: வடசென்னையின் விளையாட்டு மன்றங்கள்

சென்னை மாநகரின் விளையாட்டு வரலாறு பெரும்பாலும் சேப்பாக்கத்திலிருந்தே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆங்கிலேயர் 1846இல் தொடங்கிய மதராஸ் கிரிக்கெட் கிளப், இந்தியருக்கென்று புச்சிபாபு நாயுடு 1888இல் முன்னின்று அமைத்த மதராஸ் யுனைடெட் கிளப், இரு தரப்பாரும் பொங்கலையொட்டி மோதிய பிரசிடென்சி பந்தயம் என அவ்வரலாறு ஆண்டுக் கணக்கோடும் ஓட்டக் கணக்கோடும் செவ்வனே பதிவாகியிருக்கிறது. கோட்டைக்கு வடக்கே விரிந்த பெரம்பூர், புளியந்தோப்பு, வியாசர்பாடி, ராயபுரம், வண்ணாரப்பேட்டை, காசிமேடு ஆகிய பகுதிகளுக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. அங்கு ஆடியவர்கள் ஆலைத் தொழிலாளர், ரயில்வே பட்டறையினர், துறைமுகத்தில் மூட்டை சுமந்தோர், கடலோடிகள். அவர்தம் மன்றங்களின் வரலாறு ஏட்டில் ஏறாமல், பெரியவர்களின் வாய்மொழியிலேயே தங்கிவிட்டது.

உழைப்பும் ஓய்வும்

விளையாட்டுக்கு முதல் தேவை மைதானம் அன்று; பொழுது. அந்தப் பொழுது தொழிலாளிக்கு எளிதில் கிடைத்ததன்று. 1856இல் பெரம்பூரில் ரயில்வே பட்டறை எழுந்தது. அதனை அடுத்து, அந்த நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் தோன்றின. ஆலைச் சங்கு ஊதும் நேரமே அப்பகுதியின் கடிகாரமாயிற்று. 1911ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பஞ்சாலைகளில் ஆடவரின் வேலை நேரத்தை நாளொன்றுக்கு 12 மணியாக வரையறுத்தது. அதுவே அன்று சலுகையாகக் கருதப்பட்டது எனில், அதற்கு முந்தைய நிலையை விளக்க வேண்டியதில்லை.

1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதன் முன்னணியில் நின்றனர். 1921இல் மாதக்கணக்கில் நீடித்த வேலைநிறுத்தமும், அதனூடே புளியந்தோப்பில் தொழிலாளரிடையே மூண்ட சாதிக் கலவரமும் அப்பகுதியின் ஆறாத வடுக்கள். ஆயினும் போராட்டங்களின் பயனாகச் சட்டங்கள் மாறின. 1922இல் வாரத்திற்கு 60 மணி, 1934இல் 54 மணி, 1946இல் 48 மணி என வேலை நேரம் படிப்படியாகச் சுருங்கியது. வடசென்னையின் விளையாட்டு மன்றங்கள் தழைத்தது இவ்வாறு மீட்கப்பட்ட மாலைப் பொழுதில்தான். தொழிற்சங்க வரலாற்றையும் விளையாட்டு வரலாற்றையும் தனித்தனியே படிப்போர் இந்த உறவைத் தவறவிட்டுவிடுகின்றனர்.

மூன்று ஆட்டங்கள்

ஆங்கிலேயர் வழி வந்த குத்துச்சண்டையை வடசென்னை தன் பழைய சிலம்ப மரபின் சொற்களாலேயே ஏற்றுக்கொண்டது. பயிற்சிக் கூடம் ‘பரம்பரை’ ஆயிற்று. பயிற்றுநர் ‘வாத்தியார்’ ஆனார். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை ஆகியவற்றின் பெயர்கள் இன்றும் அங்கு மரியாதையுடன் சொல்லப்படுகின்றன. இங்கே பரம்பரை என்பது குருதி வழி வருவதன்று, குரு வழி வருவது. பிறப்பால் மனிதரை வரிசைப்படுத்திய சமுதாயத்தில், வெவ்வேறு சாதியினரும் சமயத்தினரும் ஒரே பரம்பரையின் பிள்ளைகளாய்க் கையுறை அணிந்தனர். ‘ரோஷமான குத்துச்சண்டை’ என்ற சுவரொட்டி கண்டால் கூலி வாங்கிய கையோடு சீட்டு வாங்கியோர் பலர். 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிசுடன் காட்சிப் போட்டியில் மோதியபோது திரண்ட கூட்டத்தின் ஆர்வத்திற்கு இந்த நீண்ட பழக்கமே வேராக இருந்தது. 2021இல் வெளிவந்த ‘சார்பட்டா பரம்பரை’ திரைப்படம் அம்மரபைப் புதிய தலைமுறைக்கு நினைவூட்டியது.

கால்பந்தாட்டத்திற்கு ஒரு பந்தும் ஒரு வெளியும் போதும். காலணி இல்லாத கால்களும் அதற்குத் தடையாகவில்லை. வியாசர்பாடியில் அது அன்றாட வாழ்வின் பகுதியாகவே ஆகிவிட்டது. அங்கிருந்து புறப்பட்ட தனபால் கணேஷ் இந்திய அணிக்கு ஆடினார். 2017-18 பருவத்தில் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்ற சென்னையின் எஃப்.சி. அணியிலும் இடம்பெற்றார்.

கேரம் ஆட்டமோ இடமே இல்லாதோரின் ஆட்டம். 29 அங்குலச் சதுரப் பலகை, 19 காய்கள், ஒரு ஸ்ட்ரைக்கர், சிறிது பவுடர். மேலே ஒரு குண்டு பல்பு. பத்தடி அறையில் ஒரு குடும்பமே வாழும் தெருவில், மன்றத்தின் பலகையே இளைஞரின் மாலைக் கூடம். உலக கேரம் சம்மேளனம் 1988இல் சென்னையிலேயே நிறுவப்பட்டது. 1991, 1995 ஆகிய ஆண்டுகளில் உலக வாகையராகத் திகழ்ந்த மரிய இருதயம் சென்னைக்காரர். கேரம் ஆட்டத்திற்காக அர்ஜுனா விருது பெற்றவர்.

மன்றமும் தெருவும்

மன்றம் என்பது பெரும்பாலும் ஒற்றை அறை. சுவரில் அம்பேத்கர், பெரியார், சிங்காரவேலர் போன்றோரின் படங்கள்; மூலையில் கர்லாக்கட்டை; வாசலில் நாளேடு விரித்த பெஞ்சு. படிப்பகமும் உடற்பயிற்சிக் கூடமும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. எழுத்தறியாதவர்க்கு ஒருவர் செய்தியை உரக்கப் படிப்பார். பக்கத்தில் காய்கள் குழியில் விழுந்துகொண்டிருக்கும். தெருவில் சாவு நேர்ந்தால் பந்தலுக்கு ஓடுவோரும் மழை வெள்ளத்தில் முதியோரைத் தூக்கி வருவோரும் மன்றத்துப் பிள்ளைகளே.

இம்மன்றங்கள் ஆற்றிய பெரும்பணி வேறொன்று. வியாசர்பாடி, புளியந்தோப்பு என்ற முகவரியைக் கேட்ட மாத்திரத்தில் முகம் சுளிக்கும் நகரத்தில், விளையாட்டுச் சான்றிதழே அப்பிள்ளைகளுக்கு மாற்று முகவரியாயிற்று. 1955இல் பெரம்பூரில் தொடங்கப்பட்ட ஐ.சி.எஃப். தொழிற்சாலை, ரயில்வே, காவல்துறை, வங்கிகள் ஆகியன விளையாட்டு வீரர்க்கு வேலை அளித்தன. ஒரு வீட்டில் மாதச் சம்பளம் வந்த முதல் நாள், அத்தெரு முழுவதும் மன்றத்தின் மதிப்பை உணர்ந்த நாளாகும்.

எனினும் ஒரு குறையை மறைத்தல் வரலாறாகாது. மன்றத்தின் மாலை நெடுங்காலம் ஆண்களுக்கே உரியதாக இருந்தது. குழாயடியிலும் அடுப்படியிலும் முடிந்த பெண்களின் மாலையை எந்தச் சட்டமும் சுருக்கவில்லை. அவ்வேலியை விளையாட்டே தாண்டிற்று. மீன்பாடி வண்டி ஓட்டிய வியாசர்பாடித் தொழிலாளியின் மகள் இளவழகி 2008இல் பிரான்சு நாட்டில் கேரம் உலக வாகை சூடினார். புது வண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கம் வென்றார்.

சங்கு ஓய்ந்த பின்

1996இல் பி அண்ட் சி ஆலை மூடப்பட்டது. நூற்றாண்டுக்கு மேலாக ஊதிய சங்கு நின்றது. ஆலையை நம்பிய குடும்பங்கள் சிதறின. பரம்பரைகளின் மேடைகள் முன்பே மங்கத் தொடங்கியிருந்தன; திறந்த வெளிகளும் கட்டடங்களாயின. ஆயினும் பலகைகள் மடக்கப்படவில்லை, பந்தும் நிற்கவில்லை. தொழில் தந்த பொழுதில் பிறந்த மன்றங்கள், தொழில் போன பின் இளைஞரை நிலைகுலையாமல் தாங்கும் தூண்களாயின.

இலக்கிய வட்டங்களும் இத்தகைய ஒற்றை அறைகளிலும் படிப்பகப் பெஞ்சுகளிலும் வளர்ந்தவையே. சந்தா பிரித்து, சுவரொட்டி ஒட்டி, சிறு மலர் வெளியிட்டு வளரும் உழைப்பு இரண்டிற்கும் பொது. ஆனால் இலக்கிய வட்டம் தன் நினைவை மலராகத் தொகுத்துக்கொள்கிறது. விளையாட்டு மன்றமோ ஒரு மங்கிய குழுப் படத்தையும் கறுத்துப்போன கோப்பையையும் மட்டுமே வைத்திருக்கிறது. மேடையேறிய வாத்தியார்களுள் எஞ்சியோர் முதுமையில் இருக்கின்றனர். அவர்கள் சொல்லக் கேட்டு எழுதிவைக்கும் பணி வரலாற்றாசிரியரை மட்டும் எதிர்பார்த்து நிற்கக்கூடியதன்று. பேச்சின் உயிரை ஏட்டில் இறக்கத் தெரிந்த கவிஞர்கள் ஒவ்வொரு தெருவிலும் ஒரு மாலையை அதற்கென ஒதுக்கினால், சேப்பாக்கத்தோடு நின்றுவிட்ட சென்னையின் விளையாட்டு வரலாறு வடக்கு நோக்கியும் நடக்கத் தொடங்கும்.