காவிரிப் படுகையின் எரிவாயுக் கிணறுகள்: தோண்டலும் பராமரிப்பும் மூடலும்

காவிரிப் படுகையின் எரிவாயு குறித்துக் கடந்த சில ஆண்டுகளில் எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி, புதுக் கிணறு தோண்டலாமா கூடாதா என்ற கேள்வியையே சுற்றி வருகிறது. 2017-இல் நெடுவாசலில் எரிவாயுத் திட்டத்துக்கு எதிராக எழுந்த போராட்டத்துக்குப் பிறகு அது இயல்புதான். ஆனால் ஒரு கிணற்றின் வாழ்நாளில் தோண்டும் காலம் மிகச் சிறிது. பெரும்பாலும் சில மாதங்கள். அதன்பின் பல ஆண்டுகள் அது வயலுக்கு நடுவே அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது. வாயு தீர்ந்த பிறகும் நிலத்தடியில் துளை அப்படியே இருக்கிறது. இப்படுகையில் அனுமதி முறையும் சட்டமும் தோண்டுவதையே முதன்மையாகக் கொண்டன, பராமரிப்பும் மூடலும் ஊர்மக்களின் பார்வைக்கு எட்டாமலே நடந்தன, மக்களின் எதிர்ப்பு உருவான வழியில் இந்த இடைவெளிக்குப் பெரும் பங்குண்டு என்பது இக்கட்டுரையின் வாதம்.

படுகையின் பாறைகளை முதலில் முறையாக வரைபடமாக்கியவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஹென்றி பிளான்ஃபோர்டு. தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் கிரெட்டேசியப் பாறைகளைப் பற்றிய அவருடைய அறிக்கை 1862-இல் வெளிவந்தது. அவர் தேடியது எரிவாயுவை அல்ல. ஆயினும் அரியலூர்ப் பக்கம் தரைமட்டத்தில் தெரியும் அந்தக் கடற்படிவுகள் கிழக்கே போகப்போக டெல்டா வண்டலுக்கு அடியில் ஆழ்ந்து கடலுக்குள்ளும் தொடர்கின்றன என்ற புரிதலே பிற்காலத் தேடலுக்கு அடித்தளம். கோண்டுவானா நிலப்பரப்பு பிளவுபட்டபோது இங்கே தரை விரிசலிட்டு, மேடும் பள்ளமுமாக இறங்கியது. பள்ளங்களில் படிந்த வண்டலிலிருந்துதான் எண்ணெயும் வாயுவும் உருவாயின. ஆண்டிமடம், புவனகிரி, நன்னிலம், கமலாபுரம் என்று நம் ஊர்ப் பெயர்களையே நிலவியலாளர்கள் இந்த அடுக்குகளுக்குச் சூட்டியிருக்கிறார்கள்.

எண்ணெய், இயற்கை எரிவாயு நிறுவனமான ஓ.என்.ஜி.சி. 1956-இல் தொடங்கப்பட்டது. 1950-களின் இறுதியில் ஈர்ப்பு, காந்தப்புல அளவீடுகள் இப்பகுதியில் ஆரம்பமாயின. 1964-இல் காரைக்காலில் முதல் ஆழ்கிணறு இறக்கப்பட்டது. ஆனால் நிலப்பகுதியில் குறிப்பிடத்தக்க வெற்றி 1985-இல் நரிமணத்தில்தான் கிடைத்தது. இருபது ஆண்டுத் தாமதத்துக்கு நிலவியலே பெருங்காரணம். மும்பை ஹை எண்ணெய்க் களம் போலப் பரந்த ஒரே தேக்கம் இங்கே இல்லை; பிளவுகளால் துண்டாடப்பட்ட சிறு சிறு தேக்கங்கள் ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கின்றன. இந்தச் சிதறல்தான் பின்னர் நிகழ்ந்த எல்லாவற்றையும் தீர்மானித்தது. தேக்கம் சிறிதானால் கிணறுகள் பல. கிணறுகள் பலவானால் அவற்றை இணைக்கும் குழாய்கள் வயல் வயலாக ஓட வேண்டும். எரிவாயுத் தொழில் இங்கே ஒரு வளாகத்துக்குள் அடங்காமல் வேளாண் நிலம் முழுவதும் பரவியதற்குக் காரணம் இதுவே.

ஒரு கிணறு எவ்வாறு அமைகிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வயலில் கிராவல் கொட்டி மேடாக்கித் துளையிடும் ரிக்கை நிறுத்துகிறார்கள். பென்டோனைட் களிமண்ணும் பாரைட் தூளும் கலந்த சேற்றுக் கலவையைத் துளைக்குள் செலுத்திக்கொண்டே துளையிடுகிறார்கள். அந்தக் கலவையின் எடைதான் அடியிலிருந்து மேலேறத் துடிக்கும் வாயுவை அடக்கி வைக்கிறது. குறிப்பிட்ட ஆழம் வந்ததும் இரும்புக் கேசிங் குழாயை இறக்கி, அதற்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள வளைய இடைவெளியில் சிமென்ட் பாலை ஏற்றுகிறார்கள். பிறகு சிறிய துளை, சிறிய கேசிங், மறுபடி சிமென்ட். கடலோர டெல்டாவில் முதல் கேசிங்கின் சிமென்ட் உயிர்நாடி. இங்கே நல்ல நீர் அடுக்கும் உவர்நீர் அடுக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. சிமென்ட் சரியாகப் பிடிக்காவிட்டால் துளையே இரண்டையும் இணைக்கும் வழியாகிவிடும். ஊர்க்காரர் வீட்டு ஆழ்குழாயில் தண்ணீர் கரித்தால் எரிவாயுக் கிணற்றைச் சந்தேகிப்பது அறியாமை அல்ல. கடல்நீர் ஊடுருவலும், பெருகிவிட்ட ஆழ்குழாய்களும்கூட அதே விளைவைத் தரும் என்பதால்தான், எது காரணம் என்று பிரித்தறியக் கிணற்றின் சிமென்ட் சோதனை விவரங்கள் தேவைப்படுகின்றன.

வாயு வரும் அடுக்கில் கேசிங்கைத் துளைத்த பிறகு, மேலே வால்வு அடுக்கைப் பொருத்துகிறார்கள். துறையில் அதற்குக் கிறிஸ்துமஸ் மரம் என்று பெயர். ஆளுயர இரும்புத் தண்டு, அதில் ஒன்றன்மேல் ஒன்றாக முதன்மை வால்வுகள், பக்கவாட்டில் கிளை வால்வு, வாயுவின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சோக், அழுத்தமானிகள். கேசிங்குகளுக்கு இடையிலுள்ள வெளியின் அழுத்தத்தைக் காட்டும் மானியே இவற்றில் முக்கியமானது; அதில் முள் தொடர்ந்து ஏறினால் உள்ளே எங்கோ கசிகிறது என்று பொருள். இங்கிருந்து வாயு குழாய் வழியே சேகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அங்கே வாயு, எண்ணெய், உவர்நீர் மூன்றும் பிரிக்கப்படுகின்றன. கிணறு முதுமையடைய அடைய வாயு குறைந்து நீர் கூடும். அந்த உவர்நீரும், வாயுவோடு வரும் கார்பன் டை ஆக்சைடும் குழாயின் உட்சுவரை அரிக்கின்றன. ஆகவே உற்பத்தி குறைந்த கிணற்றுக்குக் கவனிப்பும் செலவும் அதிகம் தேவை. வருமானமோ அப்போதுதான் மிகக் குறைவு.

இக்கிணறுகளிலிருந்து வாயு வரத் தொடங்கிய காலத்தில், அதை நெடுந்தொலைவு கொண்டுசெல்லும் தேசியக் குழாய் வலை தெற்கே எட்டவில்லை. கிணற்றருகிலேயே எரித்து மின்சாரமாக்குவதே நடைமுறைத் தீர்வாயிற்று. காரைக்காலில் 32.5 மெகாவாட், திருமக்கோட்டையில் 107.88 மெகாவாட், குத்தாலத்தில் 101 மெகாவாட், ராமநாதபுரம் வழுதூரில் 95 மெகாவாட் என 2000-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் சிறு நிலையங்கள் எழுந்தன. நரிமண எண்ணெய்க்காக 1993-இல் பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலை தொடங்கியிருந்தது. கடலுக்குள் இருந்த பி.ஒய்.-1 களத்தின் வாயு 2009-இல் கடலடிக் குழாய் வழியே தரங்கம்பாடிக்கு அருகே பிள்ளைப்பெருமாள்நல்லூரில் கரையேறியது.

கிணறு கட்டுமீறினால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்துப் படுகை தந்த எச்சரிக்கையும் இக்காலத்ததே. 1995 ஜனவரி 8 அன்று கோதாவரி டெல்டாவின் பாசர்லபூடியில் ஒரு கிணறு கட்டுமீறி வெடித்து 65 நாள் எரிந்தது.

எதிர்ப்பு வரலாற்றை, வயல்களுக்கிடையே பரவிய கிணறுகளும் குழாய்களுமான இந்தப் பின்னணியில் வாசிக்க வேண்டும். 2010-இல் மன்னார்குடிப் பகுதி நிலக்கரிப் படுகை மீத்தேனுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்கெதிரான பரப்புரையில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் தம் கடைசி நாள்களைச் செலவிட்டு, 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே காலமானார். 2015-இல் தமிழக அரசு அத்திட்டத்துக்குத் தடை விதித்தது. 2017 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை, கண்டறியப்பட்டும் உற்பத்திக்கு வராத சிறு களங்களை ஏலம் எடுத்த நிறுவனங்களுக்கு வழங்க ஒப்புதல் தந்தது. நெடுவாசல் அதில் ஒன்று. அங்கே எழுந்த போராட்டத்தைப் புதுத் திட்டத்தின்மீதான அச்சம் என்று மட்டும் சொல்வது போதாது. பக்கத்தில் நல்லாண்டார்கொல்லையிலும் வாணக்கன்காட்டிலும் முன்பே தோண்டப்பட்ட கிணறுகள் இருந்தன. தோண்டிய பின் கிணறு எப்படிக் கிடக்கும் என்பதை மக்கள் கண்ணால் கண்டிருந்தார்கள். அதே ஆண்டு ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து, அதைத் தொடர்ந்து தீயும் தடியடியும் கைதுகளும் நடந்தன. அங்கே வெடித்தது புதுக் கிணற்றின் பிரச்சினை அல்ல; ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த குழாயின் பிரச்சினை.

2020 ஜனவரியில் மத்திய அரசு, ஆய்வுக் கிணறுகளுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லாதபடி சுற்றுச்சூழல் விதியைத் திருத்தியது. மறுமாதமே தமிழகச் சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றி, டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுத் துரப்பணத்தைத் தடுத்தது. இது பெரிய வெற்றி. அதைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் சட்டம் தொடங்கும்முன் நடந்துவந்த பணிகளுக்கு அது பொருந்தாது. ராமநாதபுரமும் மண்டலத்துக்கு வெளியே நிற்கிறது. அம்மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு 2025-இல் வழங்கப்பட்ட சுற்றுச்சூழல் அனுமதியைத் திரும்பப் பெறுமாறு மாநில அரசே பின்னர் சொல்ல நேர்ந்தது அந்த ஓட்டையின் விளைவு.

புதுக் கிணறுகள் நின்றுவிட்ட டெல்டாவில் இனி எஞ்சியிருப்பவை பழைய கிணறுகள். ஒரு கிணற்றை மூடுவது என்றால் வால்வைத் திருகிவிட்டு வேலி போடுவதல்ல. வாயு அடுக்குக்கு நேரே சிமென்ட் அடைப்பு, நன்னீர் அடுக்குக்குக் கீழே மற்றொன்று, தரைக்கு அருகே இன்னொன்று என்று அடைத்து, ஒவ்வொன்றையும் அழுத்தத்தில் சோதித்து, கேசிங்கைத் தரைக்குக் கீழே வெட்டி மூடி, கிராவலை அள்ளி நிலத்தை உழவுக்குத் திருப்பித் தர வேண்டும். எந்தக் கிணறு எந்த ஆண்டு தோண்டப்பட்டது, சிமென்ட் சோதனை என்ன காட்டியது, கேசிங் வெளியின் அழுத்தம் இன்று எவ்வளவு, எப்போது எவ்வாறு மூடப்படும் என்ற விவரம் ஊராட்சி அலுவலகத்தில் யாரும் கேட்டுப் பார்க்கும்படி இருக்க வேண்டும். வேளாண் மண்டலச் சட்டத்தில் தமிழக அரசு இதை ஒரு பிரிவாகச் சேர்க்க வேண்டும். டெல்டாவின் ஊராட்சிகள் தங்கள் கிராமசபைத் தீர்மானங்களில் இந்தக் கோரிக்கையை முன்வைக்கலாம்.